ஆனிக்கும் ஆடிக்கும் நடுவே ஒரு மாலத்தீவுத் தேனிலவு: நிகழ்வு ஆய்வு

2025ஆம் ஆண்டு ஜூலை முதல் வாரத்தில், ஆனி மாத வளர்பிறை முகூர்த்தம் ஒன்றில் சென்னையில் திருமணம் செய்துகொண்ட ஒரு தம்பதியின் நான்கு இரவுத் தேனிலவைப் பற்றியது இந்த ஆய்வு. அந்தப் பயணம் எவ்வாறு திட்டமிடப்பட்டது, எதற்காக எது விட்டுக்கொடுக்கப்பட்டது, போய்வந்த பிறகு எவை பலித்தன என்பதை இங்கே பதிவு செய்கிறேன். தம்பதியரின் பெயரையும் அவர்கள் தங்கிய ரிசார்ட்டின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். என் வேலை பயணத் திட்டம் வகுத்துக் கொடுப்பதோடு முடிந்துவிடும். டிக்கெட்டும் அறையும் விற்பது வேறொருவர் வேலை என்பதால், எந்தத் தீவையும் தூக்கிப் பேச வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை.

மணமகன் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறார். மணமகள் பல் மருத்துவர், சைவ உணவு மட்டுமே உண்பவர். இருவருக்கும் நீச்சல் பெயரளவுக்குத்தான் தெரியும். பயணச் செலவு முழுவதையும் தம் பங்கு அன்பளிப்பாக மணமகனின் தந்தை ஏற்றிருந்தார். எல்லாம் சேர்த்து ஆறரை லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது அவர் வைத்த ஒரே நிபந்தனை. மாசி மாதத்தில் என்னைப் பார்க்க வந்தபோது அவர்கள் கையில் இருந்தது கைபேசியில் சேமித்த ஒரு படம்: சூரியன் மறையும் திசையைப் பார்த்தபடி, கடலுக்கு மேல் மரக்கால்களில் நிற்கும் வாட்டர் வில்லா. இந்த வீடு வேண்டும், மற்றதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

தேனிலவுக்காக வருகிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் அறையில் தொடங்குகிறார்கள். நான் அறையைக் கடைசியில் வைக்கச் சொல்வேன். முதலில் நாள், பிறகு அந்த நாளில் கடலும் காற்றும் இருக்கும் நிலை, பிறகு தலைநகர் மாலேயிலிருந்து தீவுக்குப் போகும் வழி, அதன் பின் தீவு, எல்லாவற்றுக்கும் கடைசியில் அந்தத் தீவில் எந்தப் பக்கத்து அறை. இந்தத் தம்பதியின் திட்டம் அந்த வரிசையில் வளர்ந்ததால்தான் படத்தில் இருந்த வீடு கைவிடப்பட்டது.

பஞ்சாங்கம் விட்டுவைத்த நாட்கள்

ஜூலை 17 அன்று ஆடி பிறந்தது. ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் சென்று சீர் செய்யும் வழக்கத்தை இரு வீட்டாரும் கைவிடுவதாக இல்லை. ஆடியில் கருத்தரித்தால் சித்திரை வெயிலில் பிரசவமாகும் என்று அதற்கொரு காரணம் சொல்வார்கள். குளிர்சாதன வசதியுள்ள மருத்துவமனைகளின் காலத்தில் அந்தக் காரணத்துக்கு எவ்வளவு பொருள் இருக்கிறது என்பது விவாதத்துக்குரியது. ஆனால் வழக்கத்தோடு வழக்காடுவது என் வேலை இல்லை. ஆவணியில் மணமகனுக்கு விடுப்புக் கிடைக்காது. திருமணத்துக்குப் பிறகு மறுவீடும், கும்பகோணம் அருகே உள்ள குலதெய்வக் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைப்பதும் முடிந்தாக வேண்டும். இவற்றைக் கழித்தால் ஜூலை 8 முதல் 16 வரை ஒரு சிறு இடைவெளிதான் மிஞ்சியது.

குலதெய்வக் கோயிலிலிருந்து திரும்பிய இரவே விமானம் ஏறலாம் என்று மணமகன் முதலில் நினைத்தார். அதற்கு நான் உடன்படவில்லை. முகூர்த்தத்துக்கு முந்தைய நாளிலிருந்தே சரியாக உறங்காத இருவர், காரில் பல மணி நேரம் பயணம் செய்து வந்து, பெட்டி கட்டி, நள்ளிரவில் மீனம்பாக்கத்தில் வரிசையில் நின்றால், தீவில் முதல் நாள் முழுவதையும் தூங்கியே கழிப்பார்கள். ஓர் இரவுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் செலவாகும் இடத்தில் அது மிக விலையுயர்ந்த தூக்கம். எனவே சென்னை வீட்டில் ஒரு முழு நாள் ஓய்வு என்பது திட்டத்தின் முதல் வரியாக எழுதப்பட்டது.

கிளம்பும் நாளைத் தீர்மானித்தவர் மணமகனின் பாட்டி. "வியாழக்கிழமை தெற்கே சூலம், தம்பி. அதுக்கு முன்னாடியே கிளம்புற மாதிரி பாருங்க" என்றார். மாலத்தீவு சென்னைக்குத் தென்மேற்கில் இருப்பதால் வெள்ளிக்கிழமையின் மேற்குச் சூலமும் தடையாயிற்று. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம் என்பதால் புதன்கிழமையாகிய ஜூலை 9 அதிகாலைப் பயணத்தை அவர் மனமார ஒப்புக்கொண்டார். விடியும் முன் கிளம்புவதைச் செவ்வாய்க் கணக்கில் சேர்ப்பவர்களுக்கும் அதில் ஆட்சேபம் எழ வழியில்லை. வார நடுவில் கிளம்பியதால் விமானக் கட்டணமும் சற்றுக் குறைந்தது.

ஜூலையில் எந்தக் கடல்

ஜூலை என்பது தென்மேற்குப் பருவக்காற்றின் நடுப்பகுதி. மாலத்தீவில் மே முதல் நவம்பர் வரை நீளும் இந்தப் பருவத்தில் மேற்கிலிருந்து காற்று வீசும், இடையிடையே மழை கொட்டும், கடல் கொந்தளிக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட வடகிழக்குப் பருவத்தில் எடுத்த படங்களைத்தான் விளம்பரங்களில் காண்கிறோம். ஆகவே மாலத்தீவை முடிவு செய்வதற்கு முன் மற்றத் தீவுகளையும் வரிசையாகப் பார்த்தோம்.

பாலியில் ஜூலை வறண்ட காலம். வானிலையை மட்டும் வைத்துப் பார்த்தால் அதுதான் முதலிடம் பெற வேண்டும். ஆனால் பாலியின் பெருமை மலை, கோயில், வயல், சந்தை ஆகியவற்றில் இருக்கிறது. அமைதியான கடலோரத்தில் யாரும் குறுக்கிடாமல் நான்கு நாள் கிடக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அது பொருந்தாது, அதுவும் ஜூலைக் கூட்டத்தில். சீஷெல்ஸில் மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று ஓங்கி வீசும். மொரீஷியஸில் அது குளிர்காலம். அந்தமானும் புக்கெட்டும் அதே பருவமழையில் நனைபவை. அந்தமானில் படகுப் போக்குவரத்து தடைபட்டால் திட்டமே குலைந்துவிடும். இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலையிலும் பாசிக்குடாவிலும், ஜூலையில் கடல் குளம் போல இருக்கும். பயண நேரமும் குறைவு. பாதிச் செலவில் நிறைவான தேனிலவு வேண்டுவோருக்கு நான் தயங்காமல் அதைத்தான் சொல்வேன். எனினும் ஒரு தீவு முழுவதும் ஒரே ரிசார்ட் என்ற அமைப்பு தரும் தனிமை அங்கே கிடைக்காது. 1972இல் முதல் ரிசார்ட் திறக்கப்பட்டதிலிருந்து மாலத்தீவின் சுற்றுலா இந்த அமைப்பின் மேல்தான் வளர்ந்திருக்கிறது. மணமகள் கேட்டதும் அந்தத் தனிமையைத்தான்.

மழை பெய்யக்கூடும் என்பதை இருவரிடமும் எழுத்து மூலமாகவே சொல்லி, ஒப்புதல் பெற்றுக்கொண்டேன். அதற்கு ஈடாக இரண்டு நன்மைகள் இருந்தன. ஒன்று, உச்சப் பருவத்தோடு ஒப்பிட்டால் அறை வாடகை கணிசமாகக் குறைவு. மற்றொன்று, மாலத்தீவில் பா என்ற பவளத்தீவுக் கூட்டத்தில் உள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் ஜூன் முதல் நவம்பர் வரைதான் மான்டா திருக்கை மீன்கள் கூட்டமாக இரை தேடி வரும். 2011இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பகுதி அது. அங்கே ஆழ்கடல் மூழ்குதலுக்கு அனுமதி இல்லை. வழிகாட்டியுடன் மூச்சுக்குழாய் வைத்து மேலே மிதந்தபடி பார்க்கலாம் என்பதால், உயிர்காப்பு உடுப்போடு ஓரளவு நீந்தத் தெரிந்தவர்களுக்கும் எட்டக்கூடிய காட்சி. மழைக்காலத்தில் போவதற்கு ஒரு காரணம் கிடைத்தவுடன் இருவர் முகத்திலும் தெரிந்த தயக்கம் விலகியது.

கடல் விமானமும் பொழுது சாய்தலும்

மாலத்தீவுத் திட்டங்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன். பன்னாட்டு விமானங்கள் மாலேயை ஒட்டிய ஹுல்ஹுலே தீவில் உள்ள வெலானா விமான நிலையத்தில் இறங்குகின்றன. அங்கிருந்து தொலைவில் உள்ள தீவுகளுக்கு, தண்ணீரிலேயே இறங்கி ஏறும் ட்வின் ஆட்டர் வகைச் சிறு விமானங்கள் செல்கின்றன. இவை பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். எனவே மாலேக்குப் பிற்பகல் மூன்றரை மணிக்கு மேல் வந்து சேரும் பயணிக்கு அன்றைக்குக் கடல் விமானம் கிடைக்கும் என்று நம்பித் திட்டமிட முடியாது. கிடைக்காவிட்டால் அவர் மாலேயிலோ ஹுல்ஹுமாலேயிலோ ஒரு சாதாரண விடுதியில் தங்க வேண்டும். ரிசார்ட்டில் அந்த இரவுக்குக் கட்டிய பணமும் பெரும்பாலும் திரும்பி வராது. இணையத்தில் மிகக் குறைந்த கட்டணம் காட்டும் விமானம் பல சமயம் மாலையில் இறங்குவதாக இருக்கும். அதில் மிச்சமாகும் சில ஆயிரத்துக்காக ஓர் இரவை முழுதாக இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தம்பதிக்காக, அதிகாலையில் சென்னையிலிருந்து புறப்பட்டுக் கொழும்பு வழியாக நண்பகலுக்குள் மாலே சேரும் பயணத்தைத் தேர்ந்தோம். இரண்டு பறத்தல்களும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிடும்போது பொறுப்பேற்க ஆள் இருக்காது.

பா பவளத்தீவுக் கூட்டத்தைத் தேர்ந்ததற்கு மான்டா மீன்கள் பாதிக் காரணம்தான். மறுபாதி, அங்கே போக இரண்டு வழிகள் இருப்பது. கடல் விமானம் ஒன்று. அது இல்லாதபோது, மாலேயிலிருந்து உள்நாட்டு விமானத்தில் தராவந்தூ தீவில் இறங்கி விரைவுப் படகில் ரிசார்ட்டுக்குப் போகலாம்; உள்நாட்டு விமானங்கள் இருட்டிய பின்னும் இயங்கும். பருவமழையில் பயணம் செய்பவருக்கு இந்த இரண்டாவது வழி ஒரு காப்பீடு போன்றது. முன்பதிவுக்கு முன்பே, கடல் விமானம் ரத்தானால் தராவந்தூ வழியாக அழைத்துச் செல்வீர்களா, அதற்குக் கூடுதல் கட்டணம் உண்டா என்று ரிசார்ட்டிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொண்டோம்.

திரும்பும் நாளிலும் இதே கவனம் தேவைப்பட்டது. கடல் விமானம் எத்தனை மணிக்கு என்பதை முந்தைய நாள் மாலையில்தான் உறுதி செய்து சொல்வார்கள். ஆகையால் மாலேயிலிருந்து காலையில் கிளம்பும் பன்னாட்டு விமானத்தைத் தவிர்த்துவிட்டுப் பிற்பகல் விமானத்தை எடுத்தோம்.

டாலரில் எழுதிய விலையும் ரூபாயில் கொடுத்த விலையும்

மணமகன் எக்செல்லில் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். அவர் விரும்பிய வாட்டர் வில்லாவுக்குக் காலை உணவும் இரவு உணவும் சேர்த்து ஓர் இரவுக்கு 1,250 டாலர். நான்கு இரவுக்கு 5,000 டாலர். டாலருக்கு 86 ரூபாய் என்று வைத்தால் 4,30,000 ரூபாய். விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. அந்த இரண்டு குறிகளில் ஒன்று 10 சதவீதச் சேவைக் கட்டணம். மற்றொன்று சுற்றுலாவுக்கான சரக்கு மற்றும் சேவை வரி. இந்த வரி 2025 ஜூலை 1 முதல் 16 சதவீதத்திலிருந்து 17 ஆக உயர்ந்தது. அது சேவைக் கட்டணத்தின் மேலும் விதிக்கப்படுவதால் 5,000 டாலர் முதலில் 5,500 ஆகி, பிறகு 6,435 ஆகிறது. இவை தவிர ரிசார்ட்டுகளில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர் பசுமை வரி உண்டு. 2024 இறுதி வரை அது 6 டாலராக இருந்தது. இருவருக்கும் நான்கு இரவுக்கு 96 டாலர். கடல் விமானத்துக்குப் போக வர இருவருக்குமாக 1,200 டாலர். ஆக மொத்தம் 7,731 டாலர், அதாவது ஏறக்குறைய 6,65,000 ரூபாய். சென்னையிலிருந்து போகும் விமானக் கட்டணம் இன்னும் இதில் சேரவில்லை. அவருடைய கணக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இரண்டே கால் லட்சத்துக்கும் மேல்.

மாற்றுத் திட்டம் அறையைப் பற்றிய ஒரு எளிய உண்மையிலிருந்து பிறந்தது. ஜூலையில் காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. சூரியன் மறையும் பக்கம் என்று அதிக வாடகைக்கு விடப்படும் வில்லாக்கள் மேற்குப் பக்கத்தில், காற்றுக்கு நேராக நிற்கின்றன. தண்ணீரில் இறங்கும் படிக்கட்டை அலை அறைந்துகொண்டே இருக்கும், மாலையில் சூரியன் மேகத்துக்குள் மறையும் நாட்களே அதிகம். தீவே காற்றைத் தடுப்பதால் கிழக்குப் பக்கத்து நீர் அமைதியாக இருக்கும். அங்குள்ள அறைகளுக்கு வாடகையும் குறைவு. நீச்சல் அரைகுறையாகத் தெரிந்த இருவருக்கு அமைதியான நீர்தான் முதல் தேவை. இதைத் தீவின் வரைபடத்தில் காற்றின் திசையை அம்புக்குறியாகப் போட்டுக் காட்டியதும் மணமகள் உடனே ஒப்புக்கொண்டார். மணமகனுக்குத்தான் அந்தப் படத்தை மறக்கச் சில நாட்கள் பிடித்தன.

அடுத்து, நான்கு இரவையும் வாட்டர் வில்லாவில் கழிப்பதா என்ற கேள்வி. மழை பெய்யும் நாளில் கடலுக்கு மேலே நிற்கும் வீட்டிலிருந்து உணவகத்துக்கு நீண்ட மரப்பாலத்தில் குடை பிடித்து நடக்க வேண்டும். கரையோர வில்லாவிலோ மரங்களின் நிழலும் வாசலிலேயே மணலும் இருக்கும். முதல் இரண்டு இரவு தனிக் குளம் உள்ள பீச் வில்லாவில் 800 டாலர் வீதமும், அடுத்த இரண்டு இரவு கிழக்குப் பக்கத்து வாட்டர் வில்லாவில் 1,000 டாலர் வீதமும் எனப் பிரித்தோம். அடிப்படை வாடகை 3,600 டாலர். சேவைக் கட்டணமும் வரியும் சேர்ந்து 4,633. பசுமை வரியும் கடல் விமானமும் கூட்டினால் 5,929 டாலர், அதாவது ஏறக்குறைய 5,10,000 ரூபாய். இரண்டு பேருக்குமான விமானக் கட்டணம் 70,000. ஆக 5,80,000.

இதை ரிசார்ட்டுக்கு நேரடியாகக் கடன் அட்டையில் கட்டுவதா, சென்னையில் உள்ள ஒரு பயண முகவரிடம் தொகுப்பாக வாங்குவதா என்பது அடுத்த முடிவு. அட்டையில் கட்டினால் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதமும் அதன் மேல் வரியும் சேர்ந்து 21,000 ரூபாய் ஆகும். தொகுப்பாக வாங்கினால் 5 சதவீத ஜிஎஸ்டி 29,000 ரூபாய். அதோடு அந்த நிதியாண்டில் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்குப் பத்து லட்சம் வரை 5 சதவீத டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டி வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி, பிடிக்க வேண்டியிருந்ததால் மேலும் 30,450 ரூபாய். டிசிஎஸ் செலவில் சேராது. வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் அது யாருடைய பான் எண்ணில் பிடிக்கப்படுகிறதோ அவர் கணக்கில்தான் வரும். தந்தை பணம் கட்டுகிறார் என்றால் மகனுடைய பான் எண்ணைக் கொடுத்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 8,000 ரூபாய் அதிகமானாலும் நான் தொகுப்பையே பரிந்துரைத்தேன்; மழைக்காலத்தில் ஒரு விமானம் ரத்தானால் மற்ற எல்லாவற்றையும் நகர்த்தி வைக்கும் பொறுப்பு ஒருவரிடம் இருக்க வேண்டும். மொத்தம் 6,39,450 ரூபாயில் தந்தையின் வரம்புக்குள் திட்டம் அடங்கியது.

பெயரும் பெட்டியும்

தமிழர்களின் பாஸ்போர்ட்டில் அடிக்கடி வரும் ஒரு சிக்கல் இங்கும் வந்தது. மணமகளின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தது. பெயர் ஒன்றே ஒன்று. விமான நிறுவனத்தின் படிவமோ குடும்பப் பெயர் இல்லாமல் நகர மறுக்கும். தந்தை பெயரையோ, திருமணமாகப் போகிறதே என்று கணவர் பெயரையோ அந்தக் கட்டத்தில் இட்டு நிரப்பினால் விமான நிலையத்தில் வாதாட வேண்டியிருக்கும். ஒற்றைப் பெயரை எப்படி எழுத வேண்டும் என்பதில் ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு. அதை அவர்களிடமே கேட்டு, அதன்படி டிக்கெட் எடுக்கப்பட்டது. கணவர் பெயரைச் சேர்த்துப் புதிய பாஸ்போர்ட் வாங்கும் யோசனையைத் திரும்பி வந்த பின் வைத்துக்கொள்ளச் சொன்னேன். டிக்கெட் எடுத்த பிறகும் பயணத்துக்கு முன்னும் பாஸ்போர்ட்டைத் தொடவே கூடாது.

மாலத்தீவுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை; வந்திறங்கியதும் தங்கும் அனுமதி இலவசமாகக் கிடைக்கும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற அரசுப் படிவத்தை நிரப்ப வேண்டும், திரும்பும்போதும் ஒருமுறை. அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாயினும் அது அரசுத் தளம் இல்லை.

பெட்டியில்தான் சுவையான சிக்கல்கள். சென்னையிலிருந்து போகும் விமானத்தில் ஆளுக்கு 30 கிலோ வரை அனுமதி இருந்தது; கடல் விமானத்தில் பெட்டிக்கு 20 கிலோவும் கைப்பைக்கு 5 கிலோவும்தான். மணமகளின் பெட்டியை வீட்டில் தொங்கு தராசில் மாட்டியபோது முள் 27ஐத் தொட்டது. இரண்டு பட்டுப்புடவைகள், ஒரு டப்பா அதிரசம், ஒரு டப்பா முறுக்கு, பருப்புப் பொடி, இன்னும் அவிழ்க்காத சில பரிசுப் பொருள்கள் ஆகியவை வெளியே வந்தன. பருப்புப் பொடி மட்டும் கெஞ்சி உள்ளே திரும்பியது. உடைகளுக்கு நடுவே அவருடைய தாயார் ஒரு சிறு வெள்ளிப் பிள்ளையாரைப் பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தார். வழிபாட்டுக்குரிய சிலைகளைக் கொண்டுவர மாலத்தீவுச் சுங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. மதுவும் பன்றி இறைச்சியும் அந்தப் பட்டியலில் உண்டு. மாலேயில் இறங்கியதும் பெட்டிகளை ஊடுகதிர்க் கருவியில் பார்ப்பார்கள். பிள்ளையார் பூஜை அறைக்குத் திரும்ப, குலதெய்வக் கோயில் குங்குமப் பொட்டலம் அந்த இடத்தைப் பிடித்தது. கனமான நகைகள் வங்கிப் பெட்டகத்துக்குப் போயின.

தாலி இன்னும் மஞ்சள் கயிற்றில்தான் இருந்தது. அதைக் கழற்றும் பேச்சுக்கே இடமில்லை. புதிய மஞ்சள் கயிறு கடல் நீரில் ஊறினால் சாயம் உடையில் இறங்கும். தொங்கவிட்டால் உயிர்காப்பு உடுப்பின் கொக்கியில் மாட்டும். கழுத்து வரை மூடும் முழுக்கை நீச்சல் சட்டையைக் கருநீலத்தில் வாங்கச் சொன்னேன். புதுப்பெண்களுக்கு இந்த ஒரு குறிப்பை எந்தப் பயணக் கையேடும் சொல்வதில்லை.

தேனிலவுத் தம்பதிக்கு ரிசார்ட் தரும் சலுகைகளுக்குத் திருமணச் சான்று கேட்பார்கள். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றாலும், ஒரே வாரத்தில் சான்றிதழ் கைக்கு வரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆங்கிலமும் தமிழும் கலந்த கல்யாணப் பத்திரிகையை அனுப்பி, அது போதும் என்று ரிசார்ட்டிடம் முன்பே பதில் வாங்கினோம். மணமகளின் சைவ உணவைப் பற்றி எழுதும்போது, சூரை மீனைக் காயவைத்துச் செய்யும் மாசிக் கருவாடு சேர்க்காத சமையல் என்று தனியாகக் குறிப்பிட்டோம். அங்கே சூரை மீன் இல்லாத குழம்பு அரிது. தீவில் வேறு உணவகம் கிடையாது என்பதால் இதை முன்பே பேசிக்கொள்ளாவிட்டால் நான்கு நாளும் ரொட்டியும் பழமும்தான்.

நடந்தது

ஜூலை 9 அன்று கொழும்பு விமானம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மாலேயில் மழை. கடல் விமானம் தாமதமாகி, ரிசார்ட்டின் காத்திருப்பு அறையில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் உட்கார வேண்டியிருந்தது. ஆனாலும் நண்பகலிலேயே வந்துவிட்டதால் வெளிச்சம் இருக்கும்போதே தீவை அடைந்தார்கள். அதே நாள் மாலையில் மாலே வந்த வேறொரு தம்பதி மறுநாள்தான் அந்தத் தீவுக்கு வந்து சேர்ந்ததாகப் பின்னர் மணமகன் சொன்னார்.

மான்டா மீன்களைப் பார்க்கும் பயணத்தை இரண்டாம் நாளில் வைத்திருந்தோம், காற்றால் தடைபட்டால் மூன்றாம் நாளும் இருக்கட்டும் என்று. அப்படியே தடைபட்டு, மூன்றாம் நாள் நடந்தது. மணமகள் உயிர்காப்பு உடுப்போடு வழிகாட்டியின் மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டே பார்த்திருக்கிறார். கிழக்குப் பக்கத்து நீர் எதிர்பார்த்தபடியே அமைதியாக இருந்தது. மேற்குப் பக்கத்து வில்லாக்களில் இருந்தவர்கள் குளிக்க இந்தப் பக்கம் வந்தார்களாம்.

பலிக்காதது ஒன்று உண்டு. மணமகளின் அண்ணன் அன்பளிப்பாக, மணல்திட்டில் இருவருக்கு மட்டுமான இரவு விருந்துக்கு முன்பணம் கட்டியிருந்தார். மழையால் அது உணவகத்தின் ஒரு மூலைக்கு மாற்றப்பட்டது, பணம் திரும்பவில்லை. மழைக்காலத்தில் திறந்த வெளியில் நடக்கும் எதற்கும் சென்னையிலிருந்தே பணம் கட்டக் கூடாது. போய் இறங்கி, வானத்தைப் பார்த்து, அன்று காலையில் சொல்லிக்கொள்ளலாம். பீச் வில்லாவிலிருந்து வாட்டர் வில்லாவுக்கு மாறிய நாளில், ஒன்றைக் காலி செய்து மற்றது தயாராகும் வரை சில மணி நேரம் வீணானதையும் மணமகன் ஒரு குறையாகச் சொன்னார். அது நியாயமான குறைதான். மூன்றே இரவு தங்குபவர்களுக்கு நான் இப்படிப் பிரிக்கச் சொல்வதில்லை.

வேறு மாதமாக இருந்திருந்தால்

இதே தம்பதிக்குத் தை மாதத்தில் திருமணம் நடந்திருந்தால் முடிவுகள் ஏறக்குறைய தலைகீழாகியிருக்கும். காற்று கிழக்குப் பக்கத்துக்கு மாறி, வானம் தெளிந்திருக்கும்; மேற்குப் பக்கத்து வில்லாவுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருள் இருந்திருக்கும். ஆனால் அந்தப் பருவத்தின் வாடகையில் ஆறரை லட்சத்துக்கு நான்கு இரவு கிடைத்திருக்காது. மூன்று இரவாகக் குறைத்து ஒரே அறையில் இருக்கச் சொல்லியிருப்பேன். மான்டா மீன்களுக்காகப் பா பவளத்தீவுக் கூட்டத்தைத் தேட வேண்டியிருக்காது. மாலேக்கு அருகில், விரைவுப் படகில் போகக்கூடிய தீவே போதும், அதனால் கடல் விமானச் செலவும் மிஞ்சும்.

கார்த்திகைத் திருமணங்களுக்கு இடர் சென்னைப் பக்கம் இருக்கிறது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலிலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலிலும் மீனம்பாக்கத்தில் விமான ஓடுபாதை மூடப்பட்டது. கார்த்திகையில் முகூர்த்தம் குறித்துக்கொண்டு வருகிறவர்களிடம், திருமணத்துக்கும் பயணத்துக்கும் நடுவே குறைந்தது மூன்று நாள் விடச் சொல்கிறேன். புயல் சின்னம் உருவானால் முந்தைய நாளே ரயிலில் பெங்களூரு போய் அங்கிருந்து ஏறுவதற்கு ஏற்றபடி, தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுக்கச் சொல்கிறேன்.